மார்கழியில் உன் மீன்குளம்

என் சக்திக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது யமுனா உன் முன்னால் நின்றுகொண்டிருப்பாள். அவளுடைய கைப்பையில் வைத்துத்தான் அனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. விமானத்தில் அவள் படித்துக்கொள்ளட்டும், உன்னோடு தங்கியிருக்கும் பையன்கள் வேண்டுமானாலும் படிக்கட்டும். இதில் அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. தெரியாதது எல்லாம் உனக்குத்தான். ஊறுகாய் பாட்டிலையும் பருப்புப் பொடியையும் தேடிப் பெட்டியைக் குடைவதற்கு முன்னால் ஓர் ஓரமாக உட்கார்ந்து இதைப் படித்துவிடு.

விசா வந்த அன்றைக்கு நீ வீடியோவில் குதித்தாயே, அன்றைக்கு மத்தியானமே அவள் என்னிடம் வந்து, ஜெர்மனிக்குப் போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். உனக்கு இது புதுச் செய்தி என்று எனக்குத் தெரியும். கல்யாணமாகி ஒரு மாதம்கூடச் சேர்ந்து இருக்காமல் நீ கிளம்பிப் போனாய். அப்புறம் எல்லாமே ஃபோனில்தான். ஃபோனில் அவள் சொல்கிற ‘சரிங்க’வைக் கேட்டுக்கொண்டு எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். அவள் ஏன் வரமாட்டேன் என்றாள், பிறகு எப்படிக் கிளம்பினாள் என்று சொல்ல வேண்டுமானால் உன் மீன்குளத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இதை ஃபோனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் குளம் என்று ஆரம்பித்ததுமே நீ “பாயிண்டுக்கு வாம்மா” என்பாய். எழுதினால் நடுவில் பேச முடியாது பார்.

அந்தக் குளத்தை நீ கட்டும்போது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வீட்டிலிருந்தே வேலை என்று கம்ப்யூட்டரோடு வந்து உட்கார்ந்தவன், திடீரென்று ஒருநாள் கொல்லையில் பாதாம் மரத்தடியில் குழி தோண்ட ஆரம்பித்தாய். துவைக்கிற கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்த இடத்தில் நான் கீரைப் பாத்தி போடலாம் என்று நினைத்திருந்தேன். சிமெண்டு பூசி, மோட்டார் வைத்து, சல்லடை வைத்து, ஸ்பாஞ்ச் வைத்து, கடைசியில் தர்மபுரியிலிருந்து ஒரு பாலித்தீன் பையில் நாலைந்து சிவப்பு மீன்களைக் கொண்டுவந்தாய். எனக்கு மீன் என்றால் குழம்பில் பழக்கம். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதற்கு ஒரு மீனா என்று கேட்டேன். உன் அப்பா லாரி ஓட்டியவர் இல்லையா, அவர் கண்ணுக்கு அது வண்டி கழுவுகிற தொட்டியாகத்தான் தெரிந்தது. பிறகு நீ முதல் சம்பளத்தில் வெள்ளையும் செம்மையும் கலந்த அந்தப் பெரிய கோய் மீனை வாங்கி வந்தாய். அது என் கையருகே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அன்றைக்கு நான் கொஞ்சம் சரிந்துவிட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

நீ போனதும் குளம் யமுனாவின் பொறுப்பில் வந்தது. பொறுப்பு என்று சொன்னேன், உத்தரவு என்பதுதான் சரி. கார்த்திகை பிறந்ததும் நீ அங்கிருந்து வீடியோவாக அனுப்பித் தள்ளினாய். குளிர்காலத்தில் குளத்தைப் பாதுகாப்பது எப்படி என்று யாரோ ஒரு வெள்ளைக்காரர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பேசுகிறார். தண்ணீர் உறையாமல் இருக்க ஒரு பந்தை மிதக்கவிட வேண்டுமாம். ஐஸைச் சுத்தியலால் உடைக்கக் கூடாதாம், அந்த அதிர்ச்சி மீனுக்கு ஆகாதாம். நம் அதியமான்கோட்டையில் ஐஸ் என்றால் பைபாஸ் ஓரத்து ஜூஸ் கடையில்தான் இருக்கிறது, கண்ணு. உன் அப்பா உன் வார்த்தையைத் தட்டக்கூடாது என்று டவுனுக்குப் போய் ஒரு பெரிய பச்சைப் பந்தை வாங்கி வந்து மிதக்கவிட்டார். அது கார்த்திகை முழுக்க மிதந்தது. மீன்கள் அதைச் சீந்தவே இல்லை. ஒரு கொக்குதான் வந்து அதன்மேல் உட்காரப் பார்த்து, வழுக்கி, அவமானப்பட்டுப் பறந்து போனது. யமுனா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு நம் வீட்டில் கல்யாணத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு.

ஆனால் நம் ஊர் மார்கழியைக் குறைத்துச் சொல்லவும் முடியாது. காலையில் ரோட்டில் போகிற லாரியெல்லாம் லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வரும், அது உனக்கே தெரியும். உன் அப்பா குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டால் பொங்கல் வரைக்கும் கழற்றமாட்டார். மீன்களும் அப்படித்தான், குளிர் இறங்கியதும் மேலே வருவதை விட்டுவிட்டு அடியில் போய்க் கும்பலாக நின்றுகொண்டன. இத்தனை வருஷம் சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள் நான். ஒரு பிள்ளை தட்டில் மிச்சம் வைத்தால் என்ன ஏது என்று கேட்காமல் விடமாட்டேன். அதனால் தீனியைக் கூடுதலாகப் போட்டேன். காலையில் ஒரு கை, சாயங்காலம் ஒரு கை. அவை தொடவில்லை. சரி, ஒரே தீனி அலுத்துவிட்டதோ என்று சப்பாத்தியைப் பிய்த்துப் போட்டேன்.

யமுனா ரெண்டு நாள் பார்த்தாள். அவளும் குளத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் பேசுகிற வீடியோவாகத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. மூன்றாம் நாள் மெதுவாகச் சொன்னாள்.

“அத்தை, குளுருக்கு அதுங்களுக்குச் செரிக்காதுங்க. வெயில் ஏறுன பிறகு ஒருவாட்டி, கொஞ்சூண்டு போட்டா போதுங்க. மிச்சம் கெடக்கறது அடியில போய் அழுகித் தண்ணியக் கெடுத்துரும்.”

“பசிக்காதா கண்ணு, பாவம்?”

“எனக்கும் அப்படித்தாங்க அத்தை,” என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்து, அங்கேயே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சிரித்தேன். வந்த நாளிலிருந்து நான் அவள் தட்டில் கேட்காமல் இன்னொரு தோசையை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். புது இடம், புது ஆட்கள், புருஷன் பக்கத்தில் இல்லை, பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. நான் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து மீனுக்கும் அவளுக்கும் அளவாகப் போட்டேன். ரெண்டு பேரும் ஒரு வாரத்தில் தேறிவிட்டார்கள்.

தண்ணீரைப் பார்த்துக்கொண்டால் மீன் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்பது எனக்கு அதற்கப்புறம்தான் மண்டையில் ஏறியது. குளிர்காலத்தில் குளத்தில் நமக்கு இருக்கிற வேலையும் பெரிதாக ஒன்றும் இல்லை. பாதாம் மரம் அந்த நேரத்தில்தான் சிவப்புச் சிவப்பாக இலையைக் கொட்டும். அது உள்ளே விழுந்து ஊறினால் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிடும். பழைய கொசுவலையை மேலே இழுத்துக் கட்டினோம். கொக்குக்கும் அதுவே தடையாகிவிட்டது. காலையில் எழுந்ததும் வலைமேல் கிடக்கிற இலையைப் பொறுக்குவது என் வேலை. மோட்டார் ஓடித் தண்ணீரில் நுரை வருகிறதா என்று பார்ப்பது அப்பா வேலை. வாரத்துக்கு ஒருமுறை ஒரு டியூபை வைத்து அடியிலிருந்து கால்வாசித் தண்ணீரை உறிஞ்சித் தென்னைக்கு விட்டுவிட்டு, அந்த அளவுக்கு மட்டும் புதுத்தண்ணீர் விடுவது யமுனா வேலை. அந்தப் புதுத்தண்ணீரையும் நேராக விடமாட்டாள். துவைக்கிற கல்லுப் பக்கத்துத் தொட்டியில் போர் தண்ணீரைப் பிடித்து ரெண்டு நாள் வெயில் படவைத்த பிறகுதான் விடுவாள். ஸ்பாஞ்சைக்கூடக் குழாயில் கழுவ விடமாட்டாள். குளத்துத் தண்ணீரிலேயே அலசுவாள். அதில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருப்பவைதான் மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுகின்றனவாம்.

நடுவில் உன் பெரியம்மா ஒரு நாள் மொரப்பூரிலிருந்து வந்தாள். கார்த்திகை தீபத்துக்குச் செய்த பொரி உருண்டை மிச்சம் இருந்ததாம், கொண்டுவந்திருந்தாள். கோயில் குளத்தில் மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கை, சும்மா இருக்குமா? நாங்கள் காபி போட உள்ளே போன நேரத்தில் வலையைத் தூக்கி முழுப் பையையும் கவிழ்த்துவிட்டாள். வெல்லம் வேறு. மறுநாள் குளம் சோறு வடித்த கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. நானாக இருந்தால் மொத்தத்தையும் இறைத்துக் கொட்டியிருப்பேன். யமுனா பதறவில்லை. சல்லடையால் அரித்தாள், கால்வாசியை மாற்றினாள், தீனியை நிறுத்தினாள், மறுபடி ரெண்டு நாள் கழித்துக் கால்வாசி. ஒரு வாரத்தில் தண்ணீர் பழைய நிறத்துக்கு வந்தது. பழைய நிறம் என்றால் பளிங்கு இல்லை, லேசான பச்சை. உன் அப்பாவுக்குத்தான் இந்தக் கால்வாசிக் கணக்கு பொறுக்கவே இல்லை. எஞ்சினுக்கு ஆயில் மாற்றும்போது எவனாவது கால்வாசி மாற்றுவானா, மாற்றினால் மொத்தமாக மாற்ற வேண்டாமா என்று என்னிடம் புலம்பிக்கொண்டே இருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை.

இனிமேல் வருவதை நிதானமாகப் படி.

மார்கழி பாதியில் ஒருநாள் நானும் யமுனாவும் தர்மபுரிக்குக் கண் டாக்டரிடம் போயிருந்தோம். அன்றைக்குக் குழாயில் ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணீர் வருகிற நாள். உன் அப்பாவுக்கு அந்தத் தண்ணீர் என்றால் தீர்த்தம். அவர் வயசுக்காரர்கள் பல்லைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, எல்லாம் காவியேறிப் போன பல். சின்ன வயதில் குடித்த போர் தண்ணீரின் வேலை அது. கல்யாணப் போட்டோவில்கூட அவர் வாயைத் திறந்து சிரித்திருக்கமாட்டார். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்தபிறகு ஒரு சொம்பு வீணாகப் போனாலும் சண்டைக்கு வருவார். அப்பேர்ப்பட்ட மனிதர் நாங்கள் இல்லாத நேரத்தில் என்ன செய்தார் தெரியுமா? நாம் நல்ல தண்ணீரைக் குடித்துக்கொண்டு வாயில்லாத ஜீவனை உப்புத் தண்ணீரில் விட்டிருக்கிறோமே என்று மனசு கேட்காமல், மீன்களை அண்டாவில் எடுத்து வைத்துவிட்டு, குளத்தை மொத்தமாக இறைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, ஸ்பாஞ்சைக் குழாயில் பிழிந்து அலசி, குளம் நிறைய ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து நிரப்பி மீன்களைத் திரும்ப விட்டுவிட்டார். அது அவர் தன்னிடம் இருந்ததிலேயே நல்லதை எடுத்துக் கொடுத்தது.

நாங்கள் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது வாசலுக்கே வந்து கூப்பிட்டார், குல்லாவைக்கூடக் கழற்றியிருந்தார். என் கண்ணில் சொட்டு மருந்து, எல்லாம் மசமசவென்று தெரிந்தது. எனக்கே அந்தத் தண்ணீர் பளபளத்தது என்றால் பார்த்துக்கொள். தரையில் நீ பூசிய சிமெண்டின் கரணைத் தடம்வரை தெரிந்ததாம். யமுனா மட்டும் குனிந்து முகர்ந்து பார்த்தாள். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு இங்கும் அங்கும் முட்டிக்கொண்டிருந்தன. அது எந்தத் தண்ணீர் என்று அவள் கேட்டதும் அப்பா பெருமையாகச் சொன்னார். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டாள். கையில் அகப்பட்ட மீன்களை எல்லாம் அள்ளி, வெயிலில் வைத்திருந்த போர் தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றினாள். மோட்டாரையும் அங்கே கொண்டுபோய் ஓடவிட்டாள். குழாய்த் தண்ணீரில் கிருமிக்கு மருந்து போட்டிருப்பார்கள், நாம் குடிக்க அது வேண்டும். மீனின் செவுளை அது எரித்துவிடுமாம். திறந்து வைத்திருந்து விட்டிருந்தால் பாதகமில்லை. நேராக, அதுவும் முழுக் குளத்துக்கும் விட்டதுதான் வினை. பாதி மீன்களைக் காப்பாற்ற முடிந்தது. உன் முதல் சம்பளத்து மீன் போய்விட்டது. உன் அப்பா அதை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் நீ வீடியோவில் வந்தாய். மருந்து விட்ட கண்ணோடு நான் உள்ளறையில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். நீ பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. மீன் போனதைச் சொல்லிவிட்டார்கள், நீயும் கேட்டுக்கொண்டாய் என்றுதான் நினைத்தேன். அன்றிலிருந்து யமுனா உன்னிடம் ‘சரிங்க’ மட்டும்தான் சொன்னாள். நான் கவனித்தேன், ஆனால் மீன் போன வருத்தம் என்று விட்டுவிட்டேன். தை பிறந்து விசா வந்து, அவள் போகவில்லை என்று சொன்னபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. காரணம் கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள்.

அன்றைக்கே உன் அப்பா அடுப்படிக்கு வந்து நின்றார். அவர் அடுப்படிக்கு வந்து நிற்கிற ஆள் இல்லை.

“நான்தான் காரணம்,” என்றார். “சக்தி, யார் இதைச் செஞ்சதுன்னு கேட்டான். எனக்கு நாக்கு பொரளல. அந்தப் புள்ள பாத்துச்சு. நான்தாங்க தண்ணி மாத்துனேன்னு சொல்லிருச்சு.”

“அப்புறம்?”

“ஒரு தொட்டியப் பாத்துக்கத் தெரியல, நீ இங்க வந்து என்னத்தக் குடும்பம் நடத்தப் போறேன்னு கேட்டான். நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். வாயைத் தொறக்கப் போனேன், வேண்டாங்க மாமான்னு கையைக் காட்டிருச்சு. அப்படியே இருந்துட்டேன்.”

சக்தி, தொப்பூர் கணவாயில் முழு லோடோடு பிரேக் சூடேறிப் புகைந்த வண்டியை மலையோரம் அணைத்து நிறுத்தியவர் உன் அப்பா. அவர் பெற்ற பிள்ளைக்குப் பயந்து ஒரு பெண் பிள்ளையின் பின்னால் ஒளிந்துகொண்டார். இதை அவர் சொன்னபோது எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. உன்மேல் வந்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை. ஃபோனில் ஒரு பட்டனைத் தப்பாக அமுக்கிவிட்டாலே “அப்பா, எத்தனை வாட்டி சொல்றது” என்று நீ பல்லைக் கடிக்கிறாய். அவர் அன்றைக்கு மௌனமானதில் அதற்கும் பங்கு உண்டு. நீ கெட்டவன் இல்லை. உனக்கு எல்லாம் உடனே சரியாகிவிட வேண்டும், யார் மேலாவது தப்பைப் போட்டு அந்தப் பக்கத்தை மூடிவிட வேண்டும். என்னிடமிருந்து வந்த குணம்தான் அது, அதனால்தான் இத்தனை துல்லியமாகத் தெரிகிறது.

நான் கொல்லைக்குப் போனேன். யமுனா வலைமேல் கிடந்த இலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொன்னேன். அவன் வாய் அப்படி, மனசில் ஒன்றும் இருக்காது என்று மாமியார்கள் சொல்கிற பாட்டை நானும் ஆரம்பித்தேன். அவள் இலையைக் கூடையில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“திட்டுனதுக்கு இல்லீங்க அத்தை. என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க. இங்கன்னா நீங்க இருக்கீங்க, மாமா இருக்காங்க. அங்க எனக்கு அவரை விட்டா யாருங்க? கேக்காமயே முடிவு கட்டற ஆளோட முன்னப்பின்ன தெரியாத ஊர்ல எப்படிங்க இருக்கறது?”

சரி கண்ணு, இரு என்று மட்டும் சொன்னேன். அதை நான் சமாதானத்துக்குச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னேன்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் குளத்துக்குத்தான் வேலை இருந்தது. நீ உடனே புது மீன் வாங்கிப் போடச் சொன்னாய், நினைவிருக்கிறதா? போடவில்லை. தேய்த்துக் கழுவிய குளத்தில் தண்ணீர் உயிர்பிடிக்க நாளாகும் என்று யமுனா சொன்னாள். பிழைத்த மீன்களையும் மெதுவாகத்தான் திரும்ப விட்டோம். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம், குளத்துத் தண்ணீரில் கொஞ்சம் என்று கலந்து கலந்து பழக்கிய பிறகு. தீனியும் சிட்டிகைதான். உன் அப்பா குடத்தில் தண்ணீர் சுமந்தார், ஒருநாளும் வேறு ஆளை விடவில்லை. இப்போது அவரைப் பார்க்க வேண்டுமே நீ. உன் பெரியம்மா மறுபடி வந்து குளத்துப் பக்கம் போனதும் கையை விரித்துக் காட்டச் சொல்லிச் சோதனை போட்டுவிட்டுத்தான் விட்டார். ஒகேனக்கல் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் மனிதருக்கு ஒரு தண்ணீர், மீனுக்கு ஒரு தண்ணீர் என்று எதிர்வீட்டுக்காரருக்குப் பாடம் எடுக்கிறார்.

தை வெயில் ஏற ஏற மீன்கள் மேலே வர ஆரம்பித்தன. சிமெண்டில் மெல்லப் பாசி படிந்தது. ஒருநாள் குளத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது, உனக்குச் சொல்கிறேன். மீனைக் கொன்றது கண்ணாடியாக இருந்த தண்ணீர். காப்பாற்றியது பச்சையாகப் பாசி வாசத்தோடு இருந்த தண்ணீர். யமுனா உன்னிடம் சொன்ன ‘சரிங்க’வும் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. ஒரு சண்டை இல்லை, ஒரு கேள்வி இல்லை. நீயும் எல்லாம் நார்மல் என்று உன் அப்பாவிடம் சொன்னாய். அவள் அங்கே வந்து உன்னோடு சண்டை போட்டால் பயந்துவிடாதே. பொருளை நங்கென்று வைத்தால், பதிலுக்குப் பதில் பேசினால், சந்தோஷப்படு. அவள் வாயடைத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் அன்றைக்கு வேலையைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்.

அங்கே இப்போது குளிர் எலும்பைக் கடிக்குமாம். அவள் இதுவரை கண்ட குளிர் நம் மார்கழிதான். வந்ததும் ஊர் சுற்றிக் காட்டுகிறேன், பாஷை கற்றுக்கொள், வேலை தேடு என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் அவள்மேல் கொட்டாதே. கொஞ்சம் கொஞ்சமாகப் பழகட்டும். சாப்பாடு இறங்காமல் இருந்தால் விடு, வற்புறுத்தாதே, நான் பட்டது போதும். ஏதாவது உடைந்தால், கருகினால், தொலைந்தால், யார் செய்தது என்று கேட்காதே, என்ன நடந்தது என்று கேள். கேட்டுவிட்டு அவள் சொல்லி முடிக்கிறவரை வாயை மூடிக்கொண்டிரு. இது ஒன்றுதான் கஷ்டம் உனக்கு. பழகினால் வந்துவிடும்.

உன் அப்பா வருகிற ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் தானே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதம் முன்கூட்டி வந்துவிட்டாலும் தெரியாத மாதிரியே இரு. அவர் திக்கித் திணறி, லாரி, ஆயில், எதிர்வீடு என்று சுற்றி வளைத்துத்தான் வருவார். பாயிண்டுக்கு வரச் சொல்லாதே. அந்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். உன்னைவிட அவருக்குத்தான் அது அதிகமாக வலித்தது.

இனி, அவள் எப்படிக் கிளம்பினாள் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் யாரும் அவளிடம் கெஞ்சவில்லை. அவள் அப்பா அம்மாவிடமும் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. நீ அவளுக்கு டிக்கெட் அனுப்பியிருந்தாய், வருவதற்கு மட்டும். அதை எடுத்துக்கொண்டு நானும் உன் அப்பாவும் தர்மபுரியில் ஒரு டிராவல்ஸுக்குப் போனோம். திரும்பி வருவதற்கும் ஒரு டிக்கெட் போட்டுத் தரச் சொன்னோம். எந்தத் தேதிக்கு என்று கேட்டார்கள். தேதி எங்களுக்குத் தெரியாது, எங்கள் மருமகளுக்குத்தான் தெரியும் என்றார் உன் அப்பா. வேண்டும்போது தேதியை மாற்றிக்கொள்கிற மாதிரி ஒன்று இருக்கிறது என்று போட்டுக் கொடுத்தார்கள். கொண்டுவந்து யமுனா கையில் கொடுத்தேன்.

“அவன் மறுபடி அப்படிப் பேசுனான்னா ஒரு வார்த்தை சொல்லாத, பொட்டியக் கட்டிக்கிட்டு வந்துரு கண்ணு. இது உன் வூடு. அவன் வரட்டும், வந்து உன்னையக் கேட்டுக்கிட்டு உள்ள வரட்டும்.”

அவள் அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்படின்னா போய்ப் பாக்கறேங்க அத்தை,” என்றாள்.

அந்த டிக்கெட் அவள் பாஸ்போர்ட்டுக்குள்தான் இருக்கிறது. நீ அதைக் கேட்டு வாங்காதே, எடுத்து ஒளித்தும் வைக்காதே. நாங்கள் காசு போட்டு வாங்கிய பொருள் எதுவும் வீணாய்ப் போக நான் விட்டவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். இது ஒன்று மட்டும் வீணாய்ப் போக வேண்டும், சாமி. அதை வீணாக்குவது உன் கையில் இருக்கிறது.

அம்மா